நகத்தில் ஒரு நந்தியாவட்டை: அக்ரிலிக் பூ செய்யப் பழகலாம்

நான் முதன்முதலாகச் செய்த அக்ரிலிக் பூவைப் பார்த்துவிட்டு என் தங்கை கேட்டாள்: "என்னக்கா, நகத்துல சுவிங்கம் ஒட்டிக்கிச்சா?" அவளைக் குறை சொல்ல முடியாது. ஐந்து இதழ் வைத்தேன், ஐந்தும் வழிந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே திட்டாகிவிட்டது. அடுத்த தடவை உஷாராகிக் கெட்டியாக எடுத்தேன், அது ஓரமெல்லாம் பிசிறி ரவை உப்புமா மாதிரி வந்தது. இப்படியே ஒரு பாட்டில் மோனோமர் (அக்ரிலிக் பவுடரில் கலக்கும் திரவம்) காலியான பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது. இந்த வேலைக்கு ஓவியத் திறமை எல்லாம் அப்புறம்தான், முதலில் வேண்டியது பதம். மைசூர்பாகு கிளறி இறக்கியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். கொஞ்சம் முந்தினால் கூழ், கொஞ்சம் பிந்தினால் கல். அடுப்படியில் அதற்கு ஒரு நிமிஷமாவது கிடைக்கும், இங்கே சில வினாடிதான்.

நெயில் பாலிஷ் ஒழுங்காகப் போடத் தெரியும், ஆனால் அக்ரிலிக்கைத் தொட்டதே இல்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே ஒரு பூவை எடுத்துக்கொள்வோம்: ஒற்றை அடுக்கு நந்தியாவட்டை. ஐந்து இதழ், வெள்ளை நிறம், நடுவில் லேசான மஞ்சள், நம் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது செடி இருக்கும். வீடியோ பார்த்துப் பழகுவதற்கு முன்னால் ஒரு பூவைப் பறித்து மேஜையில் வையுங்கள். இதழ்கள் நேராக நிற்காமல் காற்றாடி மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும், ஒவ்வொரு இதழிலும் ஒரு ஓரம் லேசாக மடிந்து அலை அலையாக இருக்கும். அந்தத் திருப்பத்தை நகத்தில் கொண்டுவந்துவிட்டால் பார்ப்பவர்கள் பெயர் சொல்லிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் கார்ட்டூன் பூ.

கலக்கும்போது என்ன நடக்கிறது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பாதி தப்பு இது தெரியாததால்தான் வருகிறது. ஒரு திரவம், ஒரு பவுடர், இரண்டுதான் சரக்கு. திரவம் மோனோமர். நகத்துக்கான நல்ல மோனோமரில் பெரும்பகுதி எத்தில் மெத்தாக்ரிலேட். பவுடர் என்பது ஏற்கெனவே இறுகிய அக்ரிலிக்கின் மிக நுண்ணிய மணிகள், அதோடு கொஞ்சம் பென்சாயில் பெராக்சைடு கலந்திருக்கும். திரவம் பவுடரைத் தொட்டதும் திரவத்தில் இருக்கும் முடுக்கி (வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) அந்தப் பெராக்சைடை உடைக்கும், உடனே மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுக ஆரம்பிக்கும். விளக்கு வேண்டாம், வெயில் வேண்டாம், தானாகவே நடக்கும். பிரஷ்ஷில் உருண்டையை எடுத்த நொடியில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு கூடினால் இந்த வேலை வேகமாக நடக்கும், குளிர்ந்தால் மெதுவாக நடக்கும். அதனால்தான் குளிர்நாட்டுக்காரர் வீடியோவில் சாவகாசமாக இதழை நீவிக்கொண்டிருப்பார், நீங்கள் மே மாத மதியத்தில் சென்னை மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து அதையே செய்தால் நீவுவதற்குள் இறுகியிருக்கும். ஏசி இருந்தால் 24 டிகிரியில் வைத்துப் பழகுங்கள். இல்லாவிட்டால் விடிகாலையில் பழகுங்கள், நான் அப்படித்தான் பழகினேன்.

பல்செட்டில் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான். 1950-களில் அமெரிக்காவில் ஃப்ரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர் உடைந்த தன் நகத்தைப் பல் வேலைக்கான அக்ரிலிக்கால் சரிசெய்ததிலிருந்துதான் இந்த நகத் தொழிலே கிளம்பியது. இதைக் கேட்டதும் சிலருக்கு ஒரு யோசனை வரும்: பல் சாமான் கடையில் கிடைக்கும் திரவம் மலிவாச்சே, அதையே வாங்கிவிடலாமா? வேண்டவே வேண்டாம். அது மெத்தில் மெத்தாக்ரிலேட். பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம், ஆனால் நகத்தில் அது பாறையாக இறுகும், அசிட்டோனில் லேசில் கரையாது, எங்காவது இடித்தால் தான் உடையாமல் உங்கள் சொந்த நகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். நகக் காயம், ஒவ்வாமை என்று புகார்கள் வந்து 1970-களிலேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்தத் திரவத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. ஆகவே லேபிள் இல்லாத பாட்டில், "லூஸ்ல தர்றேன்மா" என்று ஊற்றிக் கொடுப்பது, இதையெல்லாம் தொடாதீர்கள். லேபிளில் எத்தில் மெத்தாக்ரிலேட் என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சாமான்கள், கொஞ்சம் எச்சரிக்கை

வெள்ளைப் பவுடர், நிறமில்லாத பவுடர், துளி மஞ்சள், மோனோமர், திரவம் ஊற்ற ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். டாப்பன் டிஷ் என்று கேட்டால் கொடுப்பார்கள். கையில் இருக்கிறதே என்று ஏதாவது பிளாஸ்டிக் மூடியில் ஊற்றாதீர்கள், சில பிளாஸ்டிக்கை மோனோமர் இளக்கிவிடும். பஞ்சு பிசிறாத டிஷ்யூ, பழகுவதற்குப் பிளாஸ்டிக் நகங்கள், அவற்றை நிறுத்த ஒரு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாவிட்டால் தீப்பெட்டி மேல் இருபக்க டேப் ஒட்டி நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் பெரும்பாலும் பாரிமுனையில் கிடைத்தது.

பிரஷ்ஷில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். செட்டோடு வரும் நைலான் பிரஷ் திரவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, உருண்டை நுனியில் நிற்காமல் நழுவும். கொலின்ஸ்கி பிரஷ் வாங்குங்கள். சைபீரியப் பக்கம் வாழும், பார்க்கக் கீரி போன்ற ஒரு சின்ன விலங்கின் வால்முடி அது. பூ வேலைக்கு 4 அல்லது 6-ஆம் நம்பர் போதும், நகம் முழுக்கப் பூசுகிற 8, 10 எல்லாம் இதழுக்குப் பெரிசு. புது பிரஷ் பசை போட்டு விறைப்பாக வரும். நனைப்பதற்கு முன்னால் உலர்ந்த முடியை விரலால் மெதுவாகக் கசக்கி அந்தப் பசைத்தூளை உதிர்த்துவிட்டு, அப்புறம் மோனோமரில் நனைத்து நுனியைக் கூராக்குங்கள்.

பிரஷ்ஷைக் கழுவ மோனோமரேதான், அசிட்டோன் கூடாது. பணம் கட்டிப் போன ஒருநாள் பயிற்சியில், பெயர் வேண்டாம், "அசிட்டோனில் முக்குங்க, பளிச்னு ஆயிடும்" என்றார்கள். முக்கினேன். அடுத்த வாரம் என் பிரஷ் தென்னந்துடைப்பம் மாதிரி விரிந்து நின்றது.

மோனோமர் வாடை தலையைச் சுற்றவைக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடட்டும், ஆனால் டேபிள் ஃபேனை மேஜைப் பக்கம் திருப்பாதீர்கள். பவுடர் பறப்பது ஒருபக்கம், உருண்டையின் மேல்பரப்பு காற்றில் சீக்கிரமே வறண்டு பதம் கெடுவது இன்னொரு பக்கம். சாதாரண முகக்கவசம் ஃபைல் பண்ணும் தூசிக்கு உதவும், வாடைக்கு ஒன்றும் செய்யாது. திரவம் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அடுப்படியும் சாமி விளக்கு எரியும் இடமும் கூடாது.

இதைவிட முக்கியம், இறுகாத அக்ரிலிக் தோலில் படக்கூடாது. ஒருநாள் பட்டால் ஒன்றும் தெரியாது, திரும்பத் திரும்பப் பட்டால் உடம்பு ஒருநாள் ஏற்க மறுக்கும். விரல் நுனி அரித்துக் கொப்பளிக்கும், நகத்தைச் சுற்றித் தோல் உரியும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். பல் அடைப்பிலும் எலும்பு அறுவை சிகிச்சையில் போடும் சிமெண்டிலும் இதே குடும்பப் பொருட்கள் இருப்பதால் பிற்காலத்தில் அங்கேயும் தொல்லை கொடுக்கலாம். பிரஷ் நுனியை விரலால் கூராக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள். விரல் நுனி அரிக்க ஆரம்பித்தால் "பழகிடும்" என்று தொடராமல் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

முதல் வாரம் வெறும் உருண்டை

இரண்டு நாள், முடிந்தால் ஒரு வாரம், பூவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தொழிலில் பீட் என்பார்கள், நமக்கு உருண்டை. கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டுகிற மாதிரி எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். பேக்கிங் பண்ணும் சிலிகான் ஷீட் இருந்தால் அதன் மேல் வைத்துப் பழகுங்கள், இல்லாவிட்டால் ஒரு அட்டையில் அலுமினியம் ஃபாயிலைச் சுருக்கமில்லாமல் சுற்றிக்கொள்ளுங்கள்.

பிரஷ்ஷை மோனோமரில் முழுசாக முக்கி அடியில் லேசாக அழுத்துங்கள், காற்றுக்குமிழி வெளியேறும். கிண்ண விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு டிஷ்யூவில் ஒரு பக்கத்தை மட்டும் ஒற்றுங்கள். இப்போது நுனியைப் பவுடரில் வைத்து அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சின்னக் கோடு இழுங்கள், குத்தக்கூடாது. நுனியில் ஒரு உருண்டை தானாகத் திரளும். உடனே வைத்துவிடாமல் ஒரு வினாடி பிடியுங்கள், உள்ளே இருக்கும் உலர்ந்த பவுடர் திரவத்தைக் குடிக்கட்டும்.

வைத்த பிறகு அதையே உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில் ஓடித் தட்டையாகி, சுற்றிலும் ஈரவளையம் கட்டினால் திரவம் அதிகம். மேலே பவுடர் தூசி தெரிந்து சொரசொரப்பாக நின்றால் திரவம் குறைவு. பனித்துளி மாதிரி வழவழப்பாக, உருண்டையாக, கீழே கொஞ்சமே உட்கார்ந்து நின்றால் அதுதான் பதம். நகம் முழுக்கப் பூசுவதற்கு இதைவிட நீர்க்க எடுப்பார்கள், பூவுக்குக் கொஞ்சம் கெட்டி வேண்டும்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பல மாதம் கழித்துப் புரிந்தது. வைத்த உருண்டை முதலில் பளபளவென்று விளக்கொளியைக் காட்டும். சில வினாடி போனதும், துடைத்துவிட்ட தரை காய்வதைப் போல அந்தப் பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே உள்நோக்கி வரும். முழுசாக மங்குவதற்குச் சற்று முன்னால், உச்சியில் மட்டும் ஒரு பொட்டு மினுக்கம் மிச்சம் இருக்கும்போது தொட வேண்டும். அதற்கு முன்னால் தொட்டால் பிரஷ்ஷில் ஒட்டி இழுத்துக்கொண்டு வரும். அது போன பிறகு தொட்டால் அமுங்காது, விளிம்பு வெடிக்கும். எத்தனை வினாடி என்று கேட்காதீர்கள், உங்கள் அறை, உங்கள் சரக்கு, உருண்டையின் அளவைப் பொறுத்து மாறும். என் மேஜையில் ஏசி ஓடும்போது எட்டு, பத்து வினாடி வரை கிடைக்கிறது, ஏசி இல்லாத மதியத்தில் மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடுகிறது. வாய்க்குள் எண்ணுவதை விட்டுவிட்டு மினுக்கத்தைப் பாருங்கள்.

பவுடரை டப்பாவிலிருந்து நேராக எடுக்காமல் கொஞ்சமாக ஒரு மூடியில் தட்டிக்கொள்ளுங்கள். ஈரப் பிரஷ் சொட்டினால் டப்பா முழுக்கக் கட்டி தட்டும். கிண்ணத்தில் மிஞ்சிய மோனோமரையும் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள், அதில் கரைந்திருக்கும் பவுடர் பாட்டிலையே கெடுத்துவிடும்.

ஒரு இதழ், அப்புறம் ஐந்து

இரண்டு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு நிறமில்லாத பவுடர் கலந்துகொள்ளுங்கள். தனி வெள்ளை சுண்ணாம்பு அடித்த மாதிரி அடைத்து நிற்கும், கொஞ்சம் நிறமில்லாதது சேர்ந்தால்தான் வெளிச்சம் உள்ளே போய் இதழ் மெலிசாகத் தெரியும். இது என் ருசி, பிடிக்காதவர்கள் தனி வெள்ளையிலேயே செய்யலாம்.

மோதிர விரல் நகத்தில் பூ எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போனால் அப்பளம் ஒட்டினது போல இருக்கும். எனவே ஒரு இதழுக்குக் கடுகைவிட ஒரு சுற்றுப் பெரிய உருண்டை போதும். உருண்டை பிரஷ்ஷில் இருக்கும்போது சின்னதாகத் தெரிந்தாலும் அழுத்தினால் இரண்டு மடங்கு பரவும். புதிதாகப் பழகும் எல்லோரும் பெரிசாகத்தான் எடுக்கிறார்கள்.

முதலில் பிளாஸ்டிக் நகத்தில் பென்சிலால் நடுவே ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஐந்து இதழ் எங்கே வரும் என்பதற்கு நான் ஒரு ஆளை நினைத்துக்கொள்வேன்: கையையும் காலையும் அகட்டி நிற்கிறான், தலை ஒன்று, கை இரண்டு, கால் இரண்டு. ஐந்து இடத்திலும் லேசாகப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தலை இருக்கும் இடத்தில் முதல் உருண்டையை வையுங்கள். பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றி ஈரத்தை எடுங்கள், அது ஈரமாக இருந்தால் உருண்டை திரும்ப இளகிவிடும், முற்றிலும் உலர்ந்திருந்தால் ஒட்டும். லேசான குளுமை மட்டும் இருக்க வேண்டும். உச்சியில் ஒரு பொட்டு மினுக்கம் மட்டும் மிச்சம் இருக்கும்போது பிரஷ்ஷின் வயிற்றுப்பகுதியை (முடியின் நடுவில் தடித்திருக்கும் இடம்) சாய்வாக வைத்து உருண்டையின் நடுவில் ஒரே அழுத்து, வெளிவிளிம்புக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திவிடுங்கள். நடுவில் பள்ளமாகும், ஓரத்தில் மெல்லிய வரப்பு எழும்பி நிற்கும். பூ தட்டையாக இல்லாமல் எழும்பித் தெரிவதற்கு அந்த வரப்பு மட்டும்தான் காரணம், அதை அழகாக்குகிறேன் என்று நீவி அழித்துவிடாதீர்கள்.

பிறகு நுனியால் இதழின் உட்பக்கத்தை நடுப்புள்ளியை நோக்கி இரண்டு மூன்று சின்னத் தட்டுத் தட்டி வாலாக இழுங்கள், கண்ணீர்த்துளி வடிவம் வந்துவிடும். கடைசியாக அந்தத் திருப்பம். இதழின் இடது ஓரத்தை மட்டும் இன்னொரு முறை அழுத்தி மெலிசாக்குங்கள், வலது வரப்பை அப்படியே விடுங்கள். ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் உயர்ந்து நின்றால் காற்றாடித் தோற்றம் தானாக வரும். ஐந்து இதழிலும் அதே பக்கம் மெலிய வேண்டும், ஒன்று மாறினாலும் பூ குழம்பிவிடும்.

ஒரு இதழ் முடிந்து பிரஷ்ஷைத் துடைத்த பிறகுதான் அடுத்த உருண்டை. இரண்டு உருண்டையைச் சேர்த்து வைத்துவிட்டு ஒன்றை அழுத்தும் வேலையே வேண்டாம், ஒன்று உருவாவதற்குள் மற்றொன்று கல்லாகும். ஒரே திசையில் சுற்றி வாருங்கள், புது இதழின் ஓரம் பக்கத்து இதழின் மெலிந்த ஓரத்தில் லேசாக ஏறட்டும். நான்கு இதழ் வரைக்கும் சிக்கல் இல்லை. ஐந்தாவதில்தான் எல்லோரும் மாட்டுவார்கள்: அது ஒரு பக்கம் நான்காவதின் மேல் ஏற வேண்டும், மறுபக்கம் முதல் இதழுக்கு அடியில் போக வேண்டும், ஆனால் முதல் இதழ் அதற்குள் இறுகிப் போயிருக்கும். வழி இதுதான்: ஐந்தாவது உருண்டையைக் கொஞ்சம் சின்னதாக எடுத்து, முதல் இதழை முட்டும் வரை மட்டும் அழுத்திவிட்டு, இரண்டும் சேரும் இடத்தில் பிரஷ் நுனியால் ஒரு கோடு கீறுங்கள். கண்ணுக்கு அது அடியில் நுழைந்த மாதிரியே தெரியும்.

நடுவில் கடுகில் பாதி அளவுக்கு வெளிர்மஞ்சள் உருண்டை. வைத்ததும் ஊசி முனையால் ஒரு சின்னக் குழி. நந்தியாவட்டைக்கு அது போதும், கல் பதிப்பது, முத்து வைப்பது எல்லாம் வேறு பூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று நிமிஷம் கழித்துப் பிரஷ்ஷின் பின்பக்கக் கட்டையால் மெல்லத் தட்டுங்கள். டொக்கென்று மந்தமாகக் கேட்டால் இன்னும் காயவில்லை, டிக்கென்று கண்ணாடிச் சத்தம் வந்தால் கையால் தொடலாம். முழுசாக இறுக ஒன்றிரண்டு நாள் வரை ஆகும், அன்றைக்கே பாத்திரம் தேய்க்கக் கிளம்ப வேண்டாம்.

என்னவெல்லாம் சொதப்பும்

பூ முழுக்கக் குமிழி இருந்தால் பிரஷ்ஷைப் பவுடரில் குத்தியிருக்கிறீர்கள், அல்லது ஒரே இடத்தைப் பத்துத் தடவை தட்டியிருக்கிறீர்கள். நான்கு அழுத்தில் முடியாத இதழை விட்டுவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். அங்கங்கே பளிங்கு படிந்தாற்போல வெள்ளையாகக் கீறல் விட்டால் அறை அதிகக் குளிராக இருக்கலாம், ஏசியை 18-இல் வைத்தால் இது நடக்கும். இதழ் எல்லாம் சரியாக வந்தும் பூவில் உயிரில்லையே என்று தோன்றினால் வரப்பு மழுங்கியிருக்கும், அடுத்த உருண்டையை ஒரு வினாடி கூடுதலாகக் காயவிட்டு அழுத்திப் பாருங்கள். பிரஷ்ஷின் வயிற்றில் அக்ரிலிக் இறுகிவிட்டால் பிய்க்காதீர்கள், மோனோமரில் ஊறவிட்டு ஈர்க்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள்.

எனக்கு உருப்படியான முதல் பூ வந்தபோது ஃபாயிலில் எண்ணிப் பார்த்தேன், அதற்கு முன்னால் அறுபதுக்கு மேல் பூப்பிணங்கள் கிடந்தன. சிலருக்கு இருபதிலேயே வந்துவிடும், கோலம் போடும் கை இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும் என்பது என் கணிப்பு.

விரலில் ஏற்றுவது

வெறும் நகத்தில் நேராகப் பூ வைத்தால் நிற்காது. ஏற்கெனவே ஜெல் பாலிஷ் (யுவி விளக்கில் காட்டி இறுக்கும் பாலிஷ்) அல்லது அக்ரிலிக் பூச்சு இருக்கும் நகத்தில் பூ வரும் இடத்தை மட்டும் பஃபர் என்ற மென்மையான ஃபைலால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிடுங்கள், வழவழப்பான டாப் கோட் மேல் வைத்த பூ குளிக்கும்போதே போய்விடும். தேய்த்த தூசியைத் துடைத்த பிறகு விரலால் தொடாதீர்கள். தோல் எண்ணெய் பட்டாலே பிடிப்பு போச்சு, நம்மில் பாதிப் பேர் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடுதான் வந்து உட்காருகிறோம்.

இடம் பார்த்து வையுங்கள். நுனியில் வைத்தால் பூ நெம்புகோலாகி நகத்தையே தூக்கும். நகக்கண் தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, கீழ்ப்பாதியில் வைத்தால் வளரும்போதும் அசிங்கமாக இருக்காது. இதழோரம் எங்கேயும் நகத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. வரப்பு மேல்நோக்கி எழலாம், அடியில் இடைவெளி இருந்தால் முடி மாட்டும், துப்பட்டா மாட்டும், ஜரிகைப் புடவை கட்டினால் கேட்கவே வேண்டாம். என் சித்தி மகள் வளைகாப்புக்குப் போட்டுவிட்ட பூ ஒன்று, அவள் தலையில் மல்லிகைச் சரத்தைச் சரிசெய்யும்போது நாரில் மாட்டி, ஒரு இதழ் அங்கேயே தங்கிவிட்டது. வைத்து முடித்ததும் ஒரு பஞ்சை எடுத்துப் பூவின் மேல் தடவிப் பாருங்கள், இழை மாட்டும் இடத்தை மெல்லிய ஃபைலால் சரிசெய்யுங்கள்.

இன்னொன்றை எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லாது. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாம்பார் சாதம் பிசைந்தால் இதழ்ப் பள்ளத்தில் பருக்கை உட்காரும், மஞ்சள் கறை வெள்ளை அக்ரிலிக்கில் ஏறினால் நந்தியாவட்டை ஒரே வாரத்தில் தங்கஅரளி ஆகிவிடும். என் சிபாரிசு, பூவை இடது கையில் மட்டும் வையுங்கள், வலது கைக்கு அதே நிறத்தில் வெறும் பூச்சு போதும். ரெண்டு கையிலும் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஜெல் டாப் கோட்டை மிக மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துப் பள்ளங்களில் ஒரு படலம் மட்டும் ஓட்டி யுவி விளக்கில் காட்டுங்கள். கொழகொழவென்று ஊற்றினால் இவ்வளவு நேரம் செதுக்கிய வரப்பெல்லாம் மூழ்கிவிடும். பூவைச் சுற்றியுள்ள நகத்துக்கு வழக்கம்போலப் பளபளப்பு, பூவுக்கு மங்கல் டாப் கோட் என்று பிரித்துப் பூசினால் பூ இன்னும் எடுப்பாகத் தெரியும்.

விரலில் நேராகச் செய்யக் கை நடுங்குகிறதா? முன்கூட்டியே ஃபாயிலில் செய்து உரித்து எடுத்து, மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது பில்டர் ஜெல் (யுவி விளக்கில் இறுகும் கெட்டியான ஜெல்) துளி வைத்து ஒட்டி அந்த விளக்கில் காயவைக்கலாம். ஆனால் தட்டையான ஃபாயிலில் செய்த பூ வளைந்த நகத்தில் உட்காராது, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி தூக்கிக்கொள்ளும். நகத்தின் வளைவுக்கு ஒத்த ஒரு பேனாவில் ஃபாயிலைச் சுற்றி, அதன் மேல் பூவைச் செய்யுங்கள், வளைவோடு வரும்.

நந்தியாவட்டை கைக்கு வந்த பிறகு செம்பருத்தி சுலபம், அதே ஐந்து இதழ், கொஞ்சம் அகலம், நடுவில் நீட்டிய தண்டு. ரோஜாதான் வேறு கணக்கு, அதில் இதழைச் சாய்த்து நிறுத்த வேண்டும், பதம் இன்னும் கெட்டியாக எடுக்க வேண்டும், அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

கழற்றும்போது தயவுசெய்து நெம்பாதீர்கள், பல்லால் கடிக்காதீர்கள். பூ உயரத்தை நிப்பர் என்ற வெட்டும் இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, மிச்சத்தை ஃபைலால் தேய்த்து மட்டமாக்குங்கள், தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். அடியில் இருக்கும் அக்ரிலிக்கையும் எடுக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவி, அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து ஃபாயிலால் சுற்றி அரைமணி நேரம் விடுங்கள். கூழாக இளகியிருக்கும், மரக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். வராத இடத்தில் சுரண்டாமல் இன்னும் பத்து நிமிஷம் சுற்றி வையுங்கள். முடிந்ததும் கையைக் கழுவி, நகத்துக்கும் சுற்றுத்தோலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, அடுத்த பூவுக்கு முன்னால் நகத்துக்கு ஒரு வாரமாவது லீவு விடுங்கள்.